'உங்கூர்ல' அண்ணனும் நாலு மாடி லிப்டும்

பூமியில் இருக்கிற நாடுகளில் பாதியையாவது ஓர் இரும்புப் பெட்டிக்குள் நின்றபடியே சுற்றிப் பார்த்துவிட்ட மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் 'உங்கூர்ல' அண்ணன்தான். பாஸ்போர்ட் கிடையாது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் காலிசெய்யச் சொன்னபோது சட்டி பானையோடு சென்னையின் கோடியில் இருக்கிற பெரும்பாக்கத்துக்குக் குடிபோனாரே, அதுதான் அவர் வாழ்க்கையில் செய்த பெரிய பிரயாணம். ஆனால் ஓமன் நாட்டில் சின்னப் பிள்ளைக்குப் பல் விழுந்தால் அதை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பட்டென்று சொல்வார்.

பிள்ளைகளே, கல்யாணத்துக்கு முன்னால் நான் ராயப்பேட்டையில் ஒரு லாட்ஜில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். நாலு மாடி. அங்கே தங்குகிறவர்கள் ஊர் சுற்ற வந்தவர்கள் இல்லை. சென்னையில் வைத்தியம் பார்க்க வெளிநாடுகளிலிருந்து வந்த நோயாளிகள், அவர்களுடைய அம்மா, அப்பா, அண்ணன், தம்பி. பங்களாதேஷ், ஓமன், எத்தியோப்பியா, தான்சானியா என்று ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு பாஷை கேட்கும். அத்தனை பேரையும் மேலே ஏற்றி இறக்குவது ஒரு பழைய லிப்ட். வலைபோல இரும்புக் கதவு, மடிந்து மடிந்து இழுபடும். அதற்குள் ஒரு முக்காலி. முக்காலியில் அண்ணன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எந்தக் கேள்வி கேட்டாலும் "உங்கூர்ல..." என்றுதான் ஆரம்பிப்பார். அதுவே பெயராகிவிட்டது.

கேள்வி என்றால் பெரிய கேள்வி ஒன்றும் இல்லை. "உங்கூர்ல தும்முனா பக்கத்துல கீறவங்க இன்னா சொல்லுவாங்கோ?" "உங்கூர்ல மாமியார் எதிர்ல மருமவன் கால் மேல கால் போடலாமா?" "உங்கூர்ல விருந்தாளி வந்தா மொதல்ல தண்ணி குடுப்பாங்களா, நேரா டீயா?" இப்படித்தான். தமிழ் தெரியாதவர்களிடம் இதையே இங்கிலீஷில் கேட்பார். "யுவர் கன்ட்ரி, கெஸ்ட் கம்மிங், ஃபர்ஸ்ட் வாட்டரா, டைரக்ட் டீயா?" மிச்சத்தைக் கை, கால், புருவம் எல்லாம் பேசிவிடும். அவர் தும்மிக் காட்டினால் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்.

ஒரே சங்கடம், கேள்வி நீளம், லிப்ட் போகிற தூரம் குட்டை. பதில் வருவதற்குள் மாடி வந்துவிடும். அதற்கும் அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். ஓடுகிற லிப்டில் அந்த வலைக்கதவை ஒரு விரல் அளவு இழுத்தால் போதும், அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். பதில் கிடைத்ததும் சாத்துவார், மறுபடி ஓடும். (நீங்கள் யாரும் எந்த லிப்டிலும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. அப்பா சொல்கிறேன்.)

லிப்ட் நின்றதும் கீழேயிருந்து மேனேஜர் முதலில் என்னைக் கூப்பிடுவார், பிறகு அண்ணனைத் திட்டுவார்.

"யோவ்! என்னய்யா, மறுபடி நின்னுபோச்சா?"

மேலேயிருந்து குரல் வரும். "நிக்கல சார்! ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல பங்களாதேஷ் போய்க்கினுகீது சார்!"

அப்படி நின்றபோதுதான் பல் விஷயம் வெளிவந்தது. ஓமன்காரர், விழுந்த பல்லைச் சூரியனைப் பார்த்து எறிவோம் என்றார். கூட இருந்த பங்களாதேஷ் அம்மா, அதெல்லாம் இல்லை, எலி வளைக்குள் போட்டால்தான் எலிப்பல் மாதிரி கெட்டியாக முளைக்கும் என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. அண்ணன் நடுவில் புகுந்து, "நோ ஃபைட்டு, நோ ஃபைட்டு! அவர் மேல எறியிறாரு, நீங்கோ கீழ போடறீங்கோ. நாங்கோ நடுவுல, கூரை மேல! ஆல் டீத் கம்மிங், ஆல் சேம்!" என்று தீர்ப்புச் சொல்லிக் கதவைச் சாத்தினார். கீழே இறங்கும்போது அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவருக்கு அன்றைக்கு ஆபரேஷன். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அண்ணனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

எல்லா நாளும் இப்படி நல்லபடியாக முடியாது. எத்தியோப்பியாவிலிருந்து ஒரு பெரியவர் முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்தார். அண்ணன் வழக்கம்போல, "ஈட்டிங் ஃபினிஷ்?" என்றார். பெரியவர் 'ஹக்' என்று மூச்சை உள்ளே இழுத்தார்.

அண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னா சார்! பெயினா?"

"ஹக்!"

"அய்யய்யோ! ஹார்ட் டாக்டராண்ட போலாமா?"

பெரியவருக்குக் கடைசியில் டாக்டர் என்ற வார்த்தை மட்டும் புரிந்திருக்க வேண்டும். டாக்டரைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்? "ஹக்!"

லிப்ட் எங்கேயும் நிற்காமல் கீழே வந்தது. அண்ணன் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சைத் தேய்த்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, "நைனா, ஆட்டோ கூப்புடு!" என்று என்னைப் பார்த்து அலறினார். நான் தெருவுக்கே ஓடிவிட்டேன். பெரியவருடைய மகன் படியிறங்கி வந்து, நனைந்து உட்கார்ந்திருந்த தகப்பனைப் பார்த்து, விஷயம் கேட்டு, சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் பக்கத்தில் 'ஆமாம்' என்பதற்கு அப்படித்தான் மூச்சை இழுப்பார்களாம். நாம் தலையை ஆட்டுவதில்லையா, அதுபோல.

அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாள் மேனேஜர், "யோவ், மேல் மாடி லைட்டை அணைச்சியா?" என்று கேட்டார்.

"ஹக்!"

"என்னய்யா, விக்கலா?"

"எத்தியோப்பியா சார்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் மேனேஜர் ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தார். வந்ததும் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்தார். இனிமேல் ரூமைக் காலிசெய்து போகிற ஒவ்வொருவரையும் பார்த்து, கைகூப்பி, புன்னகையோடு 'மீண்டும் வருக' என்று சொல்ல வேண்டும். தமிழிலும் சொல்ல வேண்டும், இங்கிலீஷிலும் சொல்ல வேண்டும். கடைசியாக வழியனுப்புகிறவர் லிப்ட்காரர் என்பதால் அவர் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அண்ணன் கையைத் தூக்கினார். "சார், அது மட்டும் நம்மளால ஆவாது."

"ஏன் ஆவாது?"

"ஓட்டல்ல சாப்ட்டு போறவன பாத்து திரும்பி வான்னு சொல்லலாம். துணி எடுத்துகினு போறவன பாத்து சொல்லலாம். இங்க வர்றவங்கோ ஒடம்பு செரியில்லாம வர்றாங்கோ. அவங்கள போய் திரும்பி வான்னா, இன்னா சார் அர்த்தம்? மறுபடி நோவு வரணும்னா?"

பிள்ளைகளே, ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நம் வீட்டில் யாரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லமாட்டோம், கவனித்திருக்கிறீர்களா? பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவோம். அண்ணன் சொன்னது அதைத்தான்.

மேனேஜர் கேட்கவில்லை. "இதெல்லாம் நம்மூர் பழக்கம்யா. அவங்க வெளிநாட்டுக்காரங்க. அவங்களுக்கு இது மரியாதை. சனிக்கிழமை தான்சானியா அம்மா காலிபண்றாங்க. நீ சொல்ற. இல்லேன்னா லிப்ட் சாவியைக் குடுத்துட்டுக் கெளம்பு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அண்ணனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெண் காலேஜில் முதல் வருஷம். அந்தச் சம்பளத்தை விட்டால் வீட்டில் வேறு வரும்படி கிடையாது.

அந்த வாரம் முழுக்க அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "உங்கூர்ல ஆஸ்பத்திரிலேந்து வூட்டுக்குப் போறவங்கள பாத்து இன்னா சொல்லுவாங்கோ?" லிப்ட் அந்தரத்தில் நிற்காத நேரமே இல்லை. உலகம் தன் பக்கம் பேசும் என்று நம்பினார். உலகம் காலை வாரிவிட்டது. பங்களாதேஷ்காரர், நாங்கள் யாரை வழியனுப்பினாலும் மறுபடி வாருங்கள் என்றுதான் சொல்வோம், அது அன்பு என்றார். ஓமன்காரர், அப்படியெல்லாம் நாங்கள் யோசிப்பதில்லை என்றார். எத்தியோப்பியப் பெரியவரிடம், "கம் அகைன் சொன்னா நல்லதா?" என்று கேட்டதற்கு, அவர் சந்தோஷமாக மூச்சை உள்ளே இழுத்தார்.

"எல்லா நாடும் எனக்கு எதிரா ஓட்டு போட்டுடுச்சு நைனா" என்றார் அண்ணன் என்னிடம்.

"அப்போ சொல்லிடுங்கண்ணே. ஒரு வார்த்தைதானே? வேலை போயிடும்."

"சொல்லிப் பாத்தேன்பா, தனியா நின்னுகினு. வாய்க்கு வரல."

சனிக்கிழமை வந்தது. தான்சானியா அம்மாவுக்கு ஏழு வயதில் ஒரு பெண். இருதயத்தில் ஓட்டை என்று வந்து, ஆபரேஷன் செய்து, பிழைத்துப் போகிற குழந்தை. அவர்களை ஏற்றிக்கொண்டு லிப்ட் மேலேயிருந்து கிளம்பியது. கீழே மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நான், கையில் டெஸ்டரோடு.

முதல் மாடிக்கும் தரைக்கும் நடுவே லிப்ட் நின்றது. அவர்களுடைய செருப்புகள் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன.

"யோவ், எறக்குய்யா! ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு!"

அண்ணனுடைய இங்கிலீஷ் மட்டும் மெதுவாகக் கேட்டது. "மேடம். மை மேனேஜர் டெல்லிங், நீங்கோ கம் அகைன். ஐ நோ டெல்லிங். பேபி கம் அகைன் மீன்ஸ், பேபி ஹார்ட் அகைன் ப்ராப்ளம். நோ, மேடம். யூ டோன்ட் கம். நெவர் கம்." கொஞ்சம் நிறுத்தினார். "வீ கம். உங்கூருக்கு நாங்கோ வரோம்."

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. வேலை போனது என்றே நான் முடிவுகட்டிவிட்டேன்.

லிப்ட் இறங்கியது. கதவு திறந்தது. அந்த அம்மா அண்ணனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் ஈரம். "கரிபு, கரிபு" என்றார். அவர்கள் பாஷையில் 'வாருங்கள்' என்று அர்த்தமாம். மேனேஜரைப் பார்த்து, இங்கே எவ்வளவோ பேர் எங்களுக்கு நல்ல வார்த்தை சொன்னார்கள், இவர் ஒருவர்தான் எங்களைத் திரும்பி வராதீர்கள் என்று சொன்னவர் என்றார் இங்கிலீஷில். அதைச் சொல்லும்போது பெண்ணின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இனி மேனேஜர் முறை. கைகூப்பினார். பயிற்சியில் கற்றுக்கொண்ட புன்னகை வந்தது. வாயைத் திறந்தார். அந்தக் குழந்தை அண்ணாந்து அவரையே பார்த்தது. கவுனின் கழுத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பின் நுனி எட்டிப்பார்த்தது.

மேனேஜருக்கும் வாய் வரவில்லை. "ஹாப்பி ஜர்னி" என்றார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு டாக்சி வரைக்கும் நடந்தார்.

உள்ளே திரும்பி வந்தவர் யாரையும் பார்க்காமல், "வேலையைப் பாருங்கய்யா" என்றார். சாவியைப் பற்றி அப்புறம் பேச்சே எழவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் எனக்கு அடையாறில் வேலை கிடைத்தது. கடைசி நாள் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் சொல்லப் போனேன். அத்தனை பேரை வழியனுப்பிப் பார்த்த பழக்கத்தில் எனக்கும் 'வரேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"இன்னா நைனா, ஊமையாட்டம் போற? போயிட்டு வரேன்னு சொல்லு" என்றார். "உனக்கின்னா, ஒடம்பு நல்லாத்தானே கீது? நீ வரலாம். கண்டிப்பா வரணும்."

வந்த ஞாயிற்றுக்கிழமையே போய் நின்றேன். மேனேஜர் ஆச்சரியமாக, "என்னப்பா, எதையாவது வச்சிட்டுப் போயிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லை சார். சும்மா நாலாவது மாடி வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வரலாம்னு" என்றேன்.