எனக்கு நல்லாத்தான் தெரியுது

'எனக்கு நல்லாத்தான் தெரியுது' என்று சொல்வதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. கொசு இல்லாத ஊரில்கூட இவர்கள் இருப்பார்கள்.

எனக்கு வாய்த்தவர் என் தங்கை வீட்டுக்காரர். வெப்சைட் செய்கிறவர். நான் பூட்டுத் திறக்கிறவன். கதவு சாத்திக்கொண்டு வெளியே தவிப்பவர்கள் ஒரு பட்டனைத் தட்டினால் என்னைக் கூப்பிடலாம் என்று எனக்கும் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தார். அதில் எது எங்கே உட்காரவேண்டும் என்று எழுதிவைப்பதற்கு ஸ்டைல் ஷீட் என்று பெயராம். ஒவ்வொரு பிரவுசரும் அதைத் தன் இஷ்டத்துக்குப் படிக்குமாம். ஒரே ஒரு பூட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, எல்லாப் பூட்டையும் திறக்கும் என்று எவனாவது சாவி விற்பானா? இவர் விற்பார். தன் கம்ப்யூட்டரில், தன் பிரவுசரில், தன் நாற்காலியில் சாய்ந்து, தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்த்து, தானே சொக்கிப்போய் வேலை முடிந்தது என்பார்.

"மாப்பிள்ளை, பாதிப் பேர் போன்ல அந்தப் பட்டனே இல்லையாம். என் போட்டோ அதுமேல ஏறி உக்காந்திருக்காம்."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது மச்சான்."

"உங்க வீடா பூட்டிக் கிடக்கு?"

சிரிப்பார். தங்கையைக் கொடுத்த இடம். பல்லைக் கடித்துக்கொண்டேன். நச்சரிப்பு தாங்காமல் 'புகார்' என்று இன்னொரு பட்டன் வைத்தார். அந்தப் போன்களில் என் போட்டோ அதையும் மூடிக்கொண்டது. ஒரு மாதம் கழித்து, "பாத்தீங்களா, ஒரு புகார்கூட வரல" என்றார்.

போன வாரம் ஒரு நர்ஸம்மா வெறுங்காலோடு என் கடைக்கு ஓடிவந்தார். கதவு சாத்திக்கொண்டது, உள்ளே கைக்குழந்தை, அடுப்பில் பால். போனில் நான் பல்லைக் காட்டுகிறேன், பட்டனைக் காணோம். மூன்று தெரு ஓடியே வந்திருக்கிறார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் கூட வந்தார். திறந்தால் வீடெல்லாம் புகை. நல்லவேளை, குழந்தை இருந்த அறைக்குள் அது போகவில்லை.

மாப்பிள்ளை அந்த அம்மாவின் போனை வாங்கிப் புரட்டினார். "பழைய போன்மா. புதுசு வாங்கிடுங்க."

அந்த அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "பூட்டு தொறக்கலன்னா வேற வீடு வாங்கச் சொல்வாரா இவரு?"

அன்றே, அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டே, மாப்பிள்ளை எல்லாவற்றையும் சரிசெய்தார். இப்போது அதில் பட்டன் பளிச்சென்று தெரிகிறது. என் போனில் காணவில்லை. சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு நல்லாத்தான் தெரியுது மச்சான்" என்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'நான் அந்த ரகமில்லை' என்கிறீர்கள். சரி, எதில் பார்த்துச் சொல்கிறீர்கள்? உங்கள் வீட்டுக் கண்ணாடியில்தானே?