பேரென்ன மிஸ்ஸி

பிள்ளைகளா, மலாக்கா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், பேரென்ன மிஸ்ஸியிடம் தன் பேரைச் சொல்லாமல் தப்பித்த ஆள் ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார்!

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம், ஆஸ்பத்திரியில் தாதி மாணவிகளுக்குப் பாடம் நடத்திய பெரிய மிஸ்ஸி அவர். குடியிருந்தது காஜா பெராங்கில். வாசலில் ரொட்டிக்காரர் மணியடித்தால், “உங்க பேர் என்ன? இந்த ரொட்டி யாருக்கு?” என்று கேட்ட பிறகுதான் கை நீட்டுவார். தினமும் வருகிற அதே ரொட்டிக்காரர்தான்! மீ நூடுல்ஸுக்கு ஊற்றும் கிச்சாப் சாஸ் போத்தலைக்கூட, மருந்துக் குப்பி மாதிரி, எடுக்கும்போது ஒரு தடவை, ஊற்றும்போது ஒரு தடவை, திருப்பி வைக்கும்போது ஒரு தடவை படித்துப் பார்ப்பாராம். அதற்குள் மீ ஆறிப்போகும்.

நான் அப்போது எஸ்டேட்டிலிருந்து காய்ச்சலோடு வந்து வார்டில் படுத்திருந்தேன். ஒரு மாணவி மருந்துத் தட்டோடு வந்து, “நீங்க குப்புசாமியா?” என்றாள்.

“ஆமாங்க” என்று வாயைத் திறந்தேன். மிஸ்ஸி பாய்ந்து வந்து மருந்தைப் பிடுங்கினார்.

“உங்க பேர் என்ன?”

“சின்னையாங்க.”

“அப்புறம் ஏன்யா ஆமான்னீங்க?”

“வெள்ளை உடுப்புக்காரங்க கேட்டா ஆமான்னுதாங்க சொல்லணும். எங்க எஸ்டேட்ல அப்படித்தான்.”

மிஸ்ஸிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! “இந்த ஆளுதான் எனக்கு வேணும்! யாரும் இவர வீட்டுக்கு அனுப்பிடாதீங்க லா!” என்று வார்டே அதிரக் கூவினார். காய்ச்சல் விட்ட பிறகும் மூன்று நாள் நான் மாணவிகளுக்குப் பரீட்சைச் சாமானாகக் கிடந்தேன்.

மூன்றாம் நாள் வந்தவள் லெட்சுமி. ஆமாம், உங்கள் அம்மாதான்! பரீட்சையில் ஏற்கனவே இரண்டு தடவை தவறியவள். இன்றும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். மருந்துக் குப்பியில் குப்புசாமி என்று சீட்டு. உள்ளே வெறும் சீனித் தண்ணீர் என்பது மிஸ்ஸிக்கு மட்டுமே தெரியும்.

“உங்க பேர் என்னங்க?”

பாவம், பாஸாகட்டும் என்று, “நீங்க என்ன சொல்றீங்களோ அதாங்க” என்றேன்.

“நான் சொல்லக் கூடாதுங்க! நீங்கதான் சொல்லணும்.”

சீட்டை எட்டிப் பார்த்தேன். “குப்புசாமிங்க!”

லெட்சுமி குப்பியை எடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவள் சட்டென்று நின்று, கட்டில் அட்டையைப் படித்தாள். சின்னையா!

“எட்டிப் பார்த்தா பேர் சொல்றீங்க? இது உங்க மருந்தில்ல. தர மாட்டேன்!”

“பாஸ்! பாஸ்!” என்று மிஸ்ஸி துள்ளிய துள்ளலில் தலைத் தொப்பி பறந்து அடுத்த நோயாளியின் கஞ்சியில் விழுந்தது.

அடுத்த வருஷம் எங்கள் கல்யாணம். கட்டுவதற்குத் தாலியைக் கையில் எடுத்துவிட்டேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மிஸ்ஸி வந்தார். “நிறுத்துங்க! மாப்பிள்ளை, உங்க பேர் என்ன?”

“எட்டிப் பார்க்காம சொல்லுங்க” என்று லெட்சுமி முணுமுணுத்தாள்.

“சின்னையா!” என்று கூடமே அதிரக் கத்தினேன். மேளக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

எஸ்டேட்டில் எனக்கு ‘டேய்’ என்பதுதான் பேர். என் பேரை என் வாயாலேயே கேட்க வேண்டும் என்று நின்ற முதல் ஆள், பிள்ளைகளா, அந்த மிஸ்ஸிதான்.