பால்காரரின் மாடு போன திசை

ஐரோப்பாவில் பூமிக்கடியில் துகள்களை மோதவிடும் இயந்திரத்தை நம்பி மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உயிர் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் தோட்டத்துப் பால்காரர்தான். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை.

அவருக்கு இருந்தது ஒரே மாடு. கோலா கிளாவாங் பக்கம் செம்பனைக் காட்டில் மேயப் போனது, திரும்பவில்லை. குளம்புத் தடம்கூட இல்லை. "லாரியில ஏத்திட்டுப் போயி அறுத்துட்டானுங்கண்ணே" என்ற தோட்டத்து மேற்பார்வையாளர் மண்டோரோடு அவர் பேச்சையே நிறுத்திவிட்டார்.

பிறகுதான் ஹேண்ட்போனில் அந்த இயந்திரம் அகப்பட்டது. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்குப் பாடமும் தொடங்கியது.

"உலகமே நுண்ணிய இழைங்க அதிர்றதுதான் தம்பி. அது அதிர நீளம், அகலம், உயரம் பத்தாது. கண்ணுக்குத் தெரியாத திசையும் இருக்கணும். ரெண்டு துகளை மோதவிட்டு, சிதறினதைக் கூட்டிப் பாக்குறாங்க. ஏதாச்சும் குறைஞ்சா, அது அந்தத் திசைக்குப் போயிருக்கலாம்."

"மாடு கூடவாண்ணே?"

"மாடும் துகள்தானேடா!"

எனக்கு வேறு கவலை. "அதுல கருந்துளை வந்து நம்மள முழுங்கிடுமாமே?"

"முழுங்கட்டும்லா. மாட்டையாவது பாக்கலாம்."

ஆனால் செய்தி வரும்போதெல்லாம் ஒரே பதில்: இதுவரை தடயம் இல்லை. அன்றைக்கு அவர் சோற்றைத் தொடமாட்டார். கடைசியில் தானே சோதித்துப் பார்க்கத் துணிந்தார். கோயில் திருவிழாவில் சிதறுகாய் உடைத்ததும், பொறுக்க ஓடிய கூட்டத்தின் குறுக்கே பாய்ந்தார்.

"யாரும் தொடாதீங்க!"

"யோவ், தேங்காய எடுக்க விடுய்யா!"

"இருங்கலா! எல்லாச் சில்லும் இருக்கான்னு பாக்கணும்."

சில்லுகளைச் சாக்கில் பரப்பி, ஒன்றோடொன்று பொருத்தினார். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. கூட்டமே தேடியும் அந்தச் சில்லு கிடைக்கவில்லை.

"பாத்தியா தம்பி! போயிருக்கு! அப்ப அவளும் உசிரோடதான் இருக்கா!"

மாட்டைத்தான் சொன்னார். மாடு போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எனக்குப் பின்னால் கறுக்முறுக்கென்று சத்தம். கொட்டகை மூலையில் ஒரு கறுப்பு நாய், அந்தச் சில்லை முன்னங்காலால் அழுத்திப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. நாயென்றால் எனக்குக் குலை நடுங்கும். கடித்தால் எத்தனை ஊசியோ என்று நினைத்தபடியே, வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு அவருக்கும் நாய்க்கும் நடுவில் நின்றேன். காலடியில் உறுமல் கேட்டது.

"ஏண்டா இப்படி வேர்க்குது?" என்றார்.

"சந்தோஷம்ணே" என்றேன். அது தின்று முடிக்கும்வரை நான் நகரவில்லை.