போர்டு இல்லாத கடை

வெளியூர் போனால் எங்கே சாப்பிடுவது என்பதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. போனைத் தட்டி நட்சத்திரம் எண்ணுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். "ஆட்டோக்காரர்கிட்ட 'நீங்க எங்க சாப்பிடுவீங்க'ன்னு கேளுங்க, அதுதான் நல்ல கடை" என்று (யாரும் கேட்காமலே) ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த உபதேசம் தி.நகரில் பலித்தது. கோவையிலிருந்து நானும் அண்ணியும் கல்யாணப் பட்டு எடுக்க வந்திருந்தோம். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கல்யாணம் அவர் மகளுக்கு. எந்தச் சமையலையும் அவர் 'நல்லா இருக்குது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பந்தியில் என்னென்ன போடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை என்னிடம் தரலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம். எனக்கோ அதன்மேல் கொள்ளை ஆசை. அன்றைய மதியச் சாப்பாடுதான் எனக்குப் பரீட்சை.

"கால் வலிக்குது கண்ணு. அந்த ஏசி ஓட்டலுக்கே போயிரலாம்" என்றார் அண்ணி.

"சும்மா வாங்க அண்ணி" என்று ஓர் ஆட்டோவை மறித்து, என் பிரசித்தி பெற்ற கேள்வியைக் கேட்டேன்.

"நான் துன்ற எடமா?" டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தேனாம்பேட்டைல கீதுக்கா. ஃபேன்கூட ஒயுங்கா சுத்தாது, பரவால்லியா?"

"அதுதாங்ணா வேணும்!"

அவர் போனை எடுத்து, "தேவி, ரெண்டு பேர இட்டுகினு வரேன்" என்றார். "பார்த்தீங்களா, முன்கூட்டியே சொல்லணும், அவ்வளவு கூட்டம்" என்று அண்ணி காதில் ஓதினேன்.

சந்துக்குள் ஒரு குடியிருப்பு, தரைத்தளம், ஒரே அறை. போர்டு இல்லை. (போர்டு இல்லாத கடைதான் கடை!) தேவி பாய் விரித்து, சோற்றில் நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்ட குழம்பை ஊற்றினார். முதல் கவளத்தை வாயில் போட்டேன். கண் கலங்கியது, காரத்தால் மட்டும் இல்லை. அப்படியொரு குழம்பை அதற்கு முன்னும் நான் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. அண்ணி மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்குது" என்றார்.

பந்திப் பொறுப்பு கைக்கு வந்துவிட்டது! அந்த மிதப்பில் வாய் சும்மா இருக்குமா? "ரெண்டு ஆம்லெட். கொஞ்சம் சீக்கிரம்" என்றேன். தேவி வெளியே போய் முட்டையோடு திரும்பினார். "உப்பு ஒரு கல்லு குறைங்க. நாலு மேஜை போட்டா இந்தக் கடை எங்கயோ போயிரும்" என்று ஆலோசனை வேறு. தேவி சிரித்தார்.

அப்போது டிரைவர் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். லுங்கிக்கு மாறினார். எங்கள் பக்கத்திலேயே சம்மணம் போட்டு, "எனக்குப் போடு" என்றார். தேவி காலிச் சட்டியைச் சாய்த்துக் காட்டினார். சுவரில் மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாணப் படம். அதில் இந்த இரண்டு பேர்தான் நின்றார்கள்.

"அண்ணா... இது உங்க வீடா?"

"பின்ன? எங்க துன்னுவன்னு நீதானேக்கா கேட்ட? இத்தினி வருசமா வண்டி ஓட்றேன், ஒரு சவாரிகூட அத்தக் கேட்டதில்ல. அதான் ஊட்டுக்கே இட்டாந்தேன்."

நான் அலறி எழுந்தேன். "இன்னாக்கா, குந்து" என்று தேவி தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "முட்ட பக்கத்தூட்டுல வாங்குனது. வேஸ்டாப் பூடும், துன்னு."

முன்பின் தெரியாத இரண்டு பேருக்குத் தன் குழம்பு முழுவதையும் விட்டுக் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் மோர் ஊற்றிப் பிசைந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் மனிதர்களா என்று இருந்தது. அண்ணி எழுந்துபோய் எங்கள் தட்டுகளைக் கழுவி வைத்தார். பிறகு பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து, இரண்டு கையாலும் தேவியிடம் நீட்டினார்.

அவர்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு வந்தார்கள். அண்ணியே பக்கத்தில் நின்று பரிமாறினார். என்னால் அந்தப் பக்கமே போக முடியவில்லை. "வீட்டுக்கும் கடைக்கும் வித்தியாசம் தெரியாதவகிட்டயா பந்திய விடறது?" என்று சொல்லி, தாம்பூலப் பையில் தேங்காய் போடும் வேலைக்கு என்னை அனுப்பியிருந்தார்.

இன்றும் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், வாசலிலேயே என்னை நிறுத்திச் சொல்லிவிடுகிறார்கள்: "உள்ள வா கண்ணு. இது வீடு."