மூன்று வரிச் சமாதானம்

"தங்கச்சி ஃபோன எடுக்கலன்னா என்ன? எழுதி அனுப்புங்க," என்றார் சாதிக் பாட்சா.

அலுவலகத்தில் பக்கத்து மேசை நீலகண்டன் பரிதாபமாகப் பார்த்தார். அவர் மனைவி பங்கஜவல்லி கோபித்துக்கொண்டு, அம்பகரத்தூரில் இருக்கும் அக்கா ராசாத்தி வீட்டுக்கு முந்தின நாள்தான் போயிருந்தாள். காரணம் ஒரே ஓர் எழுத்து. புதுப்புடவை கட்டி வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டவளிடம், செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் "ம்" என்றிருந்தார். இருபத்திரண்டு வருடத்து 'ம்' எல்லாம் சேர்ந்து வெடித்துவிட்டது.

"எனக்கு நீளமா எழுத வராதே பாய்."

"அதான் ஹைக்கூ. மூணே வரி. நவரசத்துலயும் ஒண்ணொண்ணு விடுங்க. கல்லும் கரையும்."

அன்று மாலையே கோவில்பத்து வீட்டில் உட்கார்ந்து அனுப்பினார்.

*முதல் ரசம், சிருங்காரம்:*
*இரண்டு தலையணை.*
*ஒன்றில் மட்டும்*
*பள்ளம்.*

உடனே பதில் வந்தது. "ரசத்துல காரத்தைக் கொறைங்க. உங்க வயித்துக்கு ஆவாது."

மறுநாள் தலைப்பு இல்லாமல் ஹாஸ்யம்.

*நான் சுட்ட தோசை*
*இலங்கை வரைபடம்.*
*காகமும் தொடவில்லை.*

"அப்ப இத்தனை வருசமா என் தோசைய காக்காதான் தின்னுச்சா?"

பதறிப்போய் மூன்றாம் நாள் கருணைக்குத் தாவினார்.

*கொடியில் என் சட்டை*
*கை நீட்டித் தொங்குகிறது,*
*தனியாக.*

"தொவைக்கத்தான் நான் வேணும்!"

ரௌத்திரமும் வீரமும் அம்பகரத்தூரில் ஏற்கெனவே வேண்டிய அளவு இருந்தன. ஆகவே நான்காம் நாள் அவற்றைத் தாண்டி, அச்சம் தரும் பயானகத்துக்குப் போனார்.

*கடற்கரையில்*
*ஒற்றைச் செருப்பு.*
*அலை திரும்புகிறது.*

எழுதியதிலேயே இதுதான் உருப்படி என்று அவருக்கே பெருமையாக இருந்தது. இரண்டே நிமிடத்தில் ராசாத்தி அழைத்தாள்.

"தம்பி! உசுரோட இருக்கீங்களா? கோயிலுக்குன்னு போனவ ஃபோன்ல ஓன்னு அழுவுறா. கடலுக்கா போனீங்க?"

"ஐயோ, அது பயானக ரசங்க!"

"ரசமும் வேணாம், கொழம்பும் வேணாம்! போய் அவளக் கூட்டிட்டு வாங்க!"

விழுந்தடித்துக்கொண்டு தெருமுனைப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். அவளை அழவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அம்பகரத்தூர் பஸ் வந்து நின்றது. படியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினாள் பங்கஜவல்லி. அவள் பார்வை நேராக அவர் கால்களுக்குத்தான் போனது. இரண்டிலுமே செருப்பு இல்லை.

"பாவி மனுசா!"

"நீ இல்லாம என்னால முடியல வல்லி. வீட்டுக்குள்ள நுழையவே புடிக்கல."

"இத மொதல் நாளே சொல்லியிருந்தா என்னவாம்?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் தானா வரல. பயமுறுத்தி வரவச்சிட்டீங்க."

விசில் ஊதப்போன கண்டக்டர் கையை இறக்கினார்.

"இன்னைக்காவது எறங்குனீங்களேம்மா! மூணு நாளா சாயங்காலமானா இந்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்து, அந்த வீட்டுல லைட் எரியுதான்னு எட்டிப் பாத்துட்டு, இதே பஸ்லதானே திரும்பிப் போனீங்க?"