அம்மா வெட்டிய அத்தியாயங்கள்

நானும் ஒரு காலத்தில் இலக்கிய ஆய்வாளராக இருந்திருக்கிறேன். மொத்தம் நாற்பது நிமிடம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கி மூன்று நாற்பதுக்கு முடிந்துபோனது அந்த வாழ்க்கை.

எண்பதுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து முடித்திருந்தேன். துறையில் ஒரே ஒரு டியூட்டர் இடம் காலியாக இருந்தது. "வாசகர் வட்டத்தில் ஒரு கட்டுரை படியுங்கள். நானும் வருகிறேன். நன்றாக இருந்தால் உங்களைத்தான் பரிந்துரைப்பேன்" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்துவிட்டதாகவே நினைத்து இரண்டு கைத்தறிப் புடவை வாங்கிவிட்டேன். (ஆய்வாளர்கள் நைலக்ஸ் கட்டமாட்டார்கள் என்று எனக்கு யார் சொன்னதோ தெரியவில்லை.)

கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு வார இதழ்த் தொடர்கதை. எழுபதுகளில் நான்கு வருடம் ஓடியது. ஏழு கோட்டைகள், ஒரு சிம்மாசனம், பறக்கும் நாகம், ஒருவரை ஒருவர் கவிழ்த்துக்கொண்டே இருக்கும் ராஜகுடும்பங்கள். சென்னையிலிருந்து இதழ் கப்பலில் வந்து சேர்வதற்குள் நாங்கள் இருந்த செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்களுக்கெல்லாம் பொறுமை போய்விடும். நான் மட்டும் அப்போது படிக்கவில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்த திமிர். தொடர்கதை அம்மாக்களுக்கு உரியது, நமக்கில்லை என்று இருந்துவிட்டேன்.

அம்மா ஒவ்வொரு வாரமும் கதைப் பக்கங்களை மட்டும் கத்தரித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைத்திருந்தார். சிவப்பு காலிகோ துணி அட்டை போட்ட மூன்று தொகுதிகள். முன்கதைச் சுருக்கம் இடத்தை அடைக்கிறது என்று அதைக்கூட நறுக்கி எறிந்திருந்தார். பத்து வருடம் கழித்து, ஆய்வு என்று வந்தபோது, அந்தத் தொகுதிகளை எடுத்து ராப்பகலாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒரு பேருண்மை புலப்பட்டது.

அந்தக் கதையில் யாருமே சாகவில்லை.

அத்தனை போர், அத்தனை விஷக் கோப்பை, ஒரு பறக்கும் நாகம் வேறு, ஆனால் ஒரு சாவு இல்லை. இளவரசன் நாகத்தை எதிர்த்துக் குகைக்குள் போகிறான். அதோடு அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. ராணி கோப்பையைக் கையில் எடுக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் வேறொருத்தி ராணியாக இருக்கிறாள். அது மட்டுமா? பதினேழாம் அத்தியாயத்துக்குப் பிறகு பத்தொன்பது வருகிறது. முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டு. மூளை உள்ள எவருக்கும் இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கு ஒரு கோட்பாடு வந்தது.

'மௌன அத்தியாயக் கோட்பாடு' என்று பெயர் வைத்தேன். ஆசிரியர் வேண்டுமென்றே எண்களைத் தாண்டுகிறார். மரணத்தை எழுதாமல் விடுவதன் மூலம் மத்தியகால ஐரோப்பிய வீரகதை மரபையே தலைகீழாக்குகிறார் என்று முப்பத்திரண்டு பக்கம் டைப் அடித்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் ஆய்வாளர் போய் அம்மாவிடம் கேட்பாரா?

மண்டபத்தில் எழுபது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் பேராசிரியர். கடைசி வரிசையில், கரிபாப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில், அம்மாவும் எங்கள் பக்கத்து வீட்டுக் கமலா ஆன்டியும். ஆன்டி யாழ்ப்பாணத்தார், ரயில்வே தலைமைக் குமாஸ்தாவின் மனைவி. மீதிப் பேரில் பாதிக்குமேல் பெண்கள். கதையின் பெயரைக் கேட்டு வந்தவர்கள். என் முகத்துக்காக வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முப்பது நிமிடம் பிரமாதமாகப் போனது. "சாதாரண வாசகர் இந்த மௌனத்தைக் கவனித்திருக்கவே மாட்டார்" என்று சொல்லி ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். அப்போது நடுவரிசையில் பச்சைப் புடவை அக்கா ஒருவர் கை தூக்கினார்.

"ஒரு டவுட்டும்மா. இளவரசன் என்ன ஆனான்னு சொன்னீங்க?"

"குகைக்குள் செல்கிறான். அதன்பின் மௌனம்."

"என்னா மௌனம்? நாகம் அவன முழுங்கிருச்சேம்மா! கிரீடத்த மட்டும் வெளிய துப்புச்சு. அந்த வாரம் நான் சோறே திங்கல."

சிரிப்பு எழுந்தது. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் இன்று எங்காவது பேராசிரியராக ஓய்வு பெற்றிருப்பேன். நானோ கனிவோடு புன்னகைத்தேன்.

"பார்த்தீர்களா, பிரதியில் இல்லாத மரணத்தை வாசகர் தாமாகவே கற்பனை செய்துகொள்கிறார். என் கோட்பாட்டுக்கு இதுவே சான்று."

"கற்பனையா? படம்கூடப் போட்டிருந்தான் லா!"

அதன்பிறகு மண்டபத்தில் ஆளாளுக்குக் கொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் ராணியை விஷம் வைத்துக் கொன்றார். ஒரு தாத்தா எழுந்து, தளபதிக்குக் கழுத்து எந்தப் பக்கமாக வெட்டுப்பட்டது என்று கையால் காட்டினார். ஐந்து நிமிடத்தில் என் கதாபாத்திரங்களில் பாதிப்பேர் காலி. பேராசிரியர் மெல்ல எழுந்து வந்து, மேசைமேல் இருந்த சிவப்புத் தொகுதியைத் திறந்து தையல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"பதினெட்டு எங்கேம்மா?"

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நாந்தான் சார் எடுத்துட்டேன்" என்றார் அம்மா.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்கம் சொன்னார். "சரஸ்வதி பூஜைக்கு வீட்டுல இருக்கிற புக்கெல்லாம் சாமிகிட்ட வெப்போம்ல சார். சாவு எழுதியிருக்கிறத எப்படி அங்க வெக்கிறது? அதான் யாராச்சும் செத்தா அந்தச் சாப்டர மட்டும் எடுத்துட்டு பைண்ட் பண்ணச் சொல்லிட்டேன்."

"ஏம்மா, என்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றேன். மைக் முன்னால் நின்றுகொண்டு, அழுகைக் குரலில்.

"நீ எங்கடி கேட்ட? நீ பாட்டுக்கு டைப் அடிச்சுக்கிட்டே இருந்த. நான் ஏதோ பெரிய படிப்புன்னு நெனச்சேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுத்த பக்கத்தையெல்லாம் என்ன பண்ணீங்க?"

இப்போது கமலா ஆன்டி எழுந்தார். "என்னட்டதான் இருக்குது, சேர். இவ எறியிறதெண்டு வச்சிருந்தவ. நான் வாங்கிச் சேர்த்து வச்சிட்டன். எங்கட இவர் பைண்ட் பண்ணித் தந்தவர். ஒரே ஒரு புத்தகம்தான். அதில சாவைத் தவிர வேற ஒண்டும் இல்லை." பிறகு என்னைப் பார்த்து, மனதார இரக்கப்பட்டுச் சொன்னார்: "அவை எல்லாரும் செத்துப்போச்சினம், பிள்ளை."

மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. பேராசிரியரும் சிரித்தார். தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் தரை நல்ல சிமெண்டுத் தரை. கரிபாப் சாப்பிட்டுவிட்டு மினி பஸ் பிடித்துத்தான் வீடு போக வேண்டியிருந்தது, அதுவும் அம்மாவுக்குப் பக்கத்து சீட்டில்.

டியூட்டர் வேலை வேறொருவருக்குப் போனது. அதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது. பேராசிரியர் இருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவையும் ஆன்டியையும் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார். 'தொடர்கதையைத் திருத்தி வாசிக்கும் இல்லத்தரசிகள்' என்று ஒரு கட்டுரை எழுதி எங்கோ ஒரு மாநாட்டில் படித்துக் கைதட்டலும் வாங்கினார். நன்றியுரையில் அம்மாவின் பெயர் முழுதாக இருந்தது. நான் அடிக்குறிப்பில், பெயரில்லாமல், 'ஒரு மாணவி' என்று இருந்தேன். நியாயம்தான் என்று இன்று தோன்றுகிறது. அன்று இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

நான் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையானேன். அதற்குள் மண்டபத்துக் கதை எனக்கு முன்னால் கிள்ளானுக்கு ரயிலேறிப் போயிருந்தது. வீட்டில் யார் எதை உறுதியாகச் சொன்னாலும், தம்பி மெதுவாக, "எல்லா அத்தியாயமும் இருக்கா?" என்று கேட்பான். அரிசி வாங்கப் போன அப்பா "கடை மூடியிருக்கு" என்று திரும்பி வந்தாலும் அதே கேள்விதான்.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா தன் தம்பியின் பெருமைகளைச் சொல்லத் தொடங்கினார். குடிக்கமாட்டான், சிகரெட் கிடையாது, கோபமே வராது, எடுத்ததெல்லாம் வெற்றி. அம்மா காப்பித் தட்டைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரிம்மா. எல்லா அத்தியாயமும் இருக்குல்ல?"

எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். கிள்ளான்காரர் இல்லையா, அவருக்கும் கதை தெரிந்திருந்தது.

"ஒண்ணு கொறையுது ஆன்டி" என்றார். "கார் லைசன் டெஸ்ட்ல மூணு தடவ ஃபெயில். அத அக்கா வெட்டிட்டாங்க."

அந்த நிமிடமே நான் சம்மதித்துவிட்டேன். மூன்று இல்லை, ஐந்து தடவை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டை வெட்டியது அவரா, அவர் அக்காவா என்பது எங்கள் வீட்டில் இன்னும் ஆய்வில் இருக்கிறது.