நான்காவது தீர்மானத்தை நான் முறியடித்த விவரம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சின்னவளின் பள்ளி நிர்வாகக் குழுவில் என்னைப் பெற்றோர் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். இத்தனை பெற்றோர் இருக்க, என்னை ஏன்? தலையாட்டுகிற ஆள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். ஒன்றாம் வகுப்பு முடியும்வரை பள்ளியில் வாயே திறக்காத பிள்ளையை இந்த இரண்டாம் வகுப்பு டீச்சர்தானே நாலு வார்த்தை பேச வைத்தார்! அவர் தற்காலிக ஆசிரியை. அவரைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்று பள்ளி வேன் டிரைவர் என் காதில் போட்டார்.

சனிக்கிழமை கூட்டம். பிள்ளைகளின் குட்டை நாற்காலியில் முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்தோம். தாளாளருக்கு மட்டும் பெரிய நாற்காலி, எதற்கு? வாயைத் திறக்கும் முன்பே தீர்மான நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்துக்கு மேலே அவ்வளவு வெற்றிடம் எதற்கு, பிறகு எதையாவது எழுதிச் சேர்க்கவா? நான் முதல் வரியை ஒட்டியே போட்டேன். தண்ணீர்த் தொட்டி, சீருடை, மணி அடிக்கும் நேரம் என்று மூன்று தீர்மானம் கடகடவென்று ஓடியது. நாலாவதுக்கு முன்னாடி பிஸ்கட் தட்டு வந்துச்சு பாருங்க, அப்பவே புரிஞ்சு போச்சு எனக்கு. வாய அடைக்கிறாங்க! நான் தொடவே இல்ல. தலைமையாசிரியை, "இரண்டாம் வகுப்பு ஆசிரியையின் பணி தொடர்பாக..."ன்னு ஆரம்பிச்சதுமே கையத் தூக்கிட்டேன்.

"எதிர்க்கிறேன்!"

"சார், முழுசா வாசிச்சிடறேனே..."

"வாசிக்கவே வேணாம் மேடம். இந்த வேலையெல்லாம் என்கிட்ட நடக்காது."

அந்தம்மா முகம் வெளிறிப் போச்சு. நான் போட்ட சத்தத்துல தாளாளரே பயந்து, தன் ஆளுங்க ரெண்டு பேரோட என் பக்கம் கையத் தூக்கிட்டாரு அத்தான்! மூணுக்கு நாலு. தீர்மானம் காலி. வீட்டுக்கு வந்து சின்னவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "முதல்ல கையத் தூக்குனதே அப்பாதான். உன் டீச்சர காப்பாத்திட்டேன்டா" என்றேன். கண்ணீரே வந்துவிட்டது.

அக்காவுக்கு என் வணக்கங்கள். மருமகன் தேர்வில் தேறி நீடூழி வாழட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் பிள்ளையை அழைத்துவரப் பள்ளிக்குப் போனேன். வாசலில் டீச்சர். "என்னை நிரந்தரமாக்குற தீர்மானம் ஒரு ஓட்டுல தோத்துப் போச்சாம் சார். இந்த மாசத்தோட கிளம்புறேன். யாரோ முழுசாக் கேக்காமலே எதிர்த்தாங்களாம்" என்றார். நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சின்னவள் கத்தினாள்: "எங்கப்பாதான் டீச்சர்! முதல்ல கையத் தூக்குனது எங்கப்பாதான்!"